சிவப்பு போனாலும் நிறுத்த மாட்டேன்

என் வலது கண்ணைப் பற்றி இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. ஜொகூர் சாஆ ஊரில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் எட்டிப் பார்க்கிற மகனுக்கும் இருக்கிறது. கண்ணுக்குச் சொந்தக்காரனை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் மகனுக்கும் மகளுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்; ஒரே காகிதம் என்பதால் உங்களை மகன், மகள் என்றே குறிப்பிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

மகளின் வளைகாப்பு அன்று மாமாவை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்கிறீர்கள். நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இருப்பது ஒன்றரைக் கண். அதிலிருந்து தொடங்க வேண்டும். இடது கண் அரைக் கண். சாஆ பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து முள் ஒன்று தெறித்து அதில் விழுந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்து டிரஸ்ஸர்தான் கண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். டாக்டர் வராத நாளிலெல்லாம் எங்களுக்கு அவர்தான் டாக்டர். லாரியின் பின்பக்கம் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார். அவர் வந்திருக்காவிட்டால் அந்த அரைக் கண்ணும் இருந்திருக்காது. அந்த டிரஸ்ஸர்தான் உங்கள் மாமா. இரண்டு வருடம் கழித்துத் தன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்தார். இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

தோட்டத்தை விட்டு பத்து பாகாட் டவுனுக்கு வந்த பிறகு துணித் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் நின்றேன். ஐம்பது அடுக்குத் துணி இருக்கும். மேலே சாக்பீஸ் கோடு. மின்சாரக் கத்தி அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் ஐம்பது சட்டையும் வீண். இத்தனை வருடமும் வலது கண்ணை நம்பித்தான் வெட்டினேன். அந்தக் கண்ணில் புரை விழுந்ததும் கோடு இரண்டாகத் தெரிந்தது. ஒரு நாள் எந்தக் கோடு நிஜக் கோடு என்று தெரியாமல் தப்பான கோட்டில் கத்தியை விட்டேன். சூப்பர்வைசர் திட்டவில்லை. மறுநாள் என்னைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆகவே ஆபரேஷன் என்பது எனக்கு வயசானவர்கள் எல்லோரும் செய்துகொள்கிற ஒன்று அல்ல. இந்தக் கண் போனால் அந்த அரைக் கண்ணை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைக்கூட மூக்குக்கு நேரே கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் சீக்கிரம் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் வேலையே. ஒரு தமிழ் மிஸ்ஸி, நர்ஸ்தான், என்னையும் உங்கள் அம்மாவையும் உட்கார வைத்து இரண்டு சின்ன பாட்டிலைக் காட்டினார். வெள்ளை மூடி கிருமிக்கு. இளஞ்சிவப்பு மூடி உள்ளே இருக்கும் வீக்கத்துக்கு, அழற்சிக்கு. இரண்டையும் ஒரு நாளைக்கு நாலு தடவை விட வேண்டும். வெள்ளை மூடி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இளஞ்சிவப்பு மூடியை அவர்கள் சொல்லச் சொல்ல வாரா வாரம் குறைத்துக்கொண்டு வர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றார். சொன்னதை உங்கள் அம்மாவைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். அம்மா இரண்டு மூடியையும் மாற்றிச் சொல்லவே, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“ஆபரேஷன டாக்டர் பண்ணிட்டாங்க அங்கிள். மிச்சத்த நீங்கதான் பண்ணணும். கண்ணு நல்லாயிடுச்சுன்னு நீங்களே சர்ட்டிபிகேட் குடுத்துக்காதீங்க.”

அந்த முதல் வாரத்தில் நான் எவ்வளவு ஒழுங்காக இருந்தேன் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு வந்திருந்த மகன் என் கைப்பேசியில் நாலு அலாரம் வைத்துக் கொடுத்திருந்தான். அது தொழிற்சாலைச் சங்கு மாதிரி கத்தும். அம்மா சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவாள். பாட்டிலைக் குலுக்குவாள். நான் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்ப்பேன். கீழ் இமையை மெதுவாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பட்டால் பாட்டிலுக்குள்ளேயே கிருமி போய்விடுமாம். சொட்டு விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். அடுத்த பாட்டிலுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உடனே விட்டால் இரண்டாவது மருந்து முதல் மருந்தைக் கழுவிவிடும். பாட்டில் மேல் திறந்த தேதியை எழுதி ஒட்டியிருந்தோம்.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. முழங்கால் வலிக்குக் காற்றெண்ணெய்த் தைலம் தேய்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அம்மா வருவதற்குள் நானே இமையைத் தொட்டுவிட்டேன். அன்று நான் அழுத அளவுக்கு எங்கள் கல்யாணத்தில் உங்கள் அம்மாகூட அழவில்லை. அதோடு அந்த எண்ணெய் பாட்டிலை அம்மா எங்கே ஒளித்து வைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட நெற்றியில் பூசாமல் கழுத்தில் பூசிக்கொண்டேன். உதிர்ந்து கண்ணில் விழுந்துவிடும் என்று.

ஒன்பதாவது நாள் மாமா வந்தார். வளைகாப்புச் சீர் பற்றிப் பேசத்தான் வந்தார். தாய்மாமன் சீர் இல்லாமல் வளையல் ஏறாது, அது நமக்குத் தெரிந்ததுதான். அலாரம் கத்தியது. அம்மா இளஞ்சிவப்பு மூடி பாட்டிலோடு வந்தாள். மாமா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்தைப் படித்தார். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தோட்டத்தில் பிடித்த அதே பிடி.

“செவப்பு போயிடுச்சு. வலி இல்ல. அப்புறம் எதுக்கு மாப்ள ஊத்திக்கிட்டே இருக்கீங்க? இது ஸ்டீராய்டு. கண்ணு ப்ரஷர் ஏறுச்சுன்னா இருக்கற ஒரு கண்ணும் போயிடும்.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது. முப்பது வருடம் மருந்து கொடுத்தவர். மிஸ்ஸி சொன்னது மூளையில் இருந்தது, மாமா சொன்னது வயிற்றில் இருந்தது. அம்மா, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாட்டிலை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டாள். யாரும் என் கையைக் கட்டவில்லை. நிறுத்தியது நான்தான். இதை மறைக்க நான் இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை.

உங்களுக்கு இது விளங்காது, நீங்கள் டவுனில் பிறந்தவர்கள். தோட்டத்தில் மருந்து என்பது டிரஸ்ஸர் கொடுக்கும்போது தொடங்கி டிரஸ்ஸர் போதும் என்னும்போது முடியும். மிச்சம் இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு பாட்டில் இருமல் மருந்து லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியில் தொடங்கினால் அந்தக் கோடியில்தான் காலியாகும். கண் மருந்தும் அப்படித்தான். கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டோடு பிறகு யாரும் பேச மாட்டார்கள். அது எங்கள் அன்பு. அந்த அன்பில் எத்தனை பேருக்கு நல்லது நடந்தது, எத்தனை பேருக்குக் கெட்டது நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மாமா சொன்னது சரி என்றே நினைத்தேன். மூன்றாவது நாள் சன்னல் வெளிச்சம் குத்தியது. புருவத்துக்கு மேலே பல்வலி மாதிரி ஒரு வலி. நாலாவது நாள் மழையில் போகிற பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி எல்லாம் மங்கல். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமா மேல் பழி போடுகிற மாதிரி ஆகும், வளைகாப்புக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். கண்ணைவிட மரியாதை பெரிதாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதல் இடம்.

கண்டுபிடித்தது உங்கள் அம்மா. நான் தொலைக்காட்சிச் செய்தியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பதைக் கவனித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். கண்ணைத் திறக்கச் சொன்னாள். பார்த்தாள். போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வாடகைக் காருக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர். மகள் வயது இருக்கும். கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். கண்ணின் அழுத்தத்தையும் அளந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மருந்தை நிறுத்தச் சொன்னது யார் பாக்சிக், பெரியவரே, என்று கேட்டார். நானேதான் என்றேன். பக்கத்தில் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி திரும்பி வரும், வெளியே சிவப்பு போவதும் உள்ளே ஆறுவதும் ஒன்றல்ல என்றார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். நல்லவேளை வந்துவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பதில்தான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

ப்ரஷர் ஏறும் என்கிறார்களே என்றும் கேட்டேன். ஆமாம், சிலருக்கு ஏறும், அதற்காகத்தான் வரச் சொல்லி வரச் சொல்லி அளக்கிறோம், உங்களுக்கு இப்போது சரியாக இருக்கிறது என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் வீட்டில் சாப்பாட்டு மேசையில் முடிவு செய்யாமல் இங்கே வந்து கேட்டிருக்க வேண்டும் என்றார். மாமா சொன்னதில் பாதி உண்மை இருந்தது, பாருங்கள். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்கவே மாட்டேன்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். பிறகு அவர் சொல்லும்போதுதான் குறைக்க வேண்டும். வேறு யார் கண் சிவந்திருந்தாலும் இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள் என்று அவராகவே சொன்னார். சில வகைக் கண் நோய்க்கு இதை விட்டால் நோய் உள்ளே பரவிவிடுமாம். வெளியே வரும்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு முடிவு. இனி இந்த பாட்டில் விஷயத்தில் நான் யாருக்கும் மரியாதை காட்டப் போவதில்லை.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபம் நிறைய ஆள். நான் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றேன். உங்கள் சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு வளைகாப்பா இல்லை அப்பாவுக்குப் படப்பிடிப்பா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாம்பிராணிப் புகை வந்த பக்கமெல்லாம் நான் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு மாமா சீர்த்தட்டோடு உள்ளே வரவும் என் சட்டைப்பையில் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. மேளமே ஒரு நொடி நின்றது. நான் தட்டை வாங்கி வைத்து, அவரைக் கும்பிட்டு வரவேற்றுவிட்டு, அம்மாவுக்குச் சைகை காட்டினேன். அவள் மகளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள், வர முடியாது. நானே பின்னால் போய்க் கையைக் கழுவி, மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொட்டை விட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மாமா எதிரில் நின்றார்.

“இன்னும் ஊத்திக்கிட்டு இருக்கீங்களா? நான்தான் நிறுத்தச் சொன்னேன்ல?”

“நிறுத்தினேன் மச்சான். நாலே நாள்ல மங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு, இப்போது வருகிற சின்னப் பிள்ளைகளெல்லாம் புத்தகத்தைப் பார்த்துப் பயந்து மருந்து எழுதுகிறார்கள் என்றார். நான் லாரியில் என் தலை அவர் மடியில் இருந்ததை நினைத்துக்கொண்டேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அப்போதுதான் சம்பந்தியம்மா வந்தார். அவருக்கு இரண்டு நாளாகவே ஒரு கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்ததாம். என் கையில் பாட்டிலைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு சொட்டு விடுங்கள் சம்பந்தி என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கையை நீட்டினார். அந்தக் கை நீட்டலை இப்போதும் நினைக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் இல்லை. பழைய டிரஸ்ஸர் மறுபடி தன் கிளினிக்கில் நின்றார், அவ்வளவுதான்.

“குடுங்க மாப்ள. நானே ஊத்தி விடறேன்.”

“குடுக்க மாட்டேன் மச்சான்.”

மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது.

“இது என் கண்ணுக்குன்னு எழுதிக் குடுத்தது,” என்றேன். “அவங்க கண்ணு எதனால செவந்திருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நாளைக்குக் காலைல நானே அவங்கள கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

சம்பந்தியம்மா சிரித்தார். சிரிப்பில் முள் இருந்தது. “ஒரு சொட்டுக்கு இவ்ளோ பேச்சா? நாளைக்கு என் பேரப்பிள்ளைக்குப் பால் கேட்டா என்னா சொல்லுவீங்களோ.”

சுற்றி இருந்தவர்கள் எங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மாமா குரலை உயர்த்தவில்லை. அவர் என்றைக்கும் உயர்த்தியதில்லை.

“நான் குடுத்த மருந்துல ஒரு தோட்டமே பொழச்சுது. இன்னைக்கு நீங்க என்கிட்ட பாட்டல மறைக்கறீங்க.”

“தோட்டம் பொழச்சுது. நான் இல்லன்னு சொல்லல. என் அரைக் கண்ணும் நீங்க குடுத்ததுதான். ஆனா இந்தக் கண்ணுல நிறுத்தறது, குடுக்கறது ரெண்டையும் இனிமே நீங்க சொல்ல முடியாது மச்சான்.”

சொன்னேன். பாட்டிலின் மூடியை இறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா போய்ப் பெண்களிடம் வளையலைக் கொடுத்து மகளுக்குப் போட வைத்தார், தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார், சாப்பிடாமல் சாஆவுக்குக் கிளம்பிவிட்டார். நீங்கள் பார்த்தது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

உங்கள் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு அலாரத்துக்கும் வந்தாள். கையைக் கழுவினாள், பாட்டிலைக் குலுக்கினாள், இமையை இழுத்தாள், ஒரு சொட்டு விட்டாள், போனாள். அவ்வளவு கோபத்திலும் பாட்டில் முனை ஒரு தடவைகூட இமையில் படவில்லை.

சம்பந்தியம்மாவை மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர் மழை பற்றியே பேசினார். டாக்டர் வேறு ஏதோ மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது. என் மருந்து அவருக்குக் கெடுதல் செய்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. செய்திருக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை அடுத்தவர் கண்ணில் ஊற்ற எனக்கு உரிமை இல்லை.

மாமாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் போவேன். அவர் காலில் விழச் சொன்னால் விழுவேன், அதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. அவர் சாப்பிடாமல் போனதற்கு வருத்தம் தெரிவிப்பேன். பாட்டிலைக் கொடுக்காததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கு உங்கள் இருவரில் ஒருவர் என்னிடம் வந்து அப்பா, கண் நல்லாத்தானே இருக்கிறது, போதும் என்றாலும் இதே பதில்தான்.

அதன் பிறகு வாரம் ஒரு தடவை போய்க் காட்டினேன். கண் தெளிந்தது. அழுத்தம் ஏறவில்லை. எட்டு சொட்டு நாலானது, நாலு மூன்றானது. திறந்து நாலு வாரம் ஆன பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பாட்டில் வாங்கினோம். கடைசியாக ஒரு நாளைக்கு ஒன்று. போன வாரம் அந்தப் பெண் டாக்டர் என் இடது கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கீழிருந்து இரண்டாவது வரிவரை தடுக்காமல் படித்தேன். வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். வரும் வெள்ளிக்கிழமை காலையோடு சொட்டு மருந்து முடிகிறது என்றார்.

நான் எழுந்துவிட்டேன். உங்கள் அம்மா எழவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில், வெள்ளிக்கிழமைதானா, சனிக்கிழமை வேண்டாமா, நிறுத்தின பிறகு வலித்தால் அன்றைக்கே வரலாமா, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர் சிரிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வெள்ளி என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் அம்மா நாற்காலியை விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிச் சொட்டை விட்டாள். பாட்டிலில் இன்னும் கால்வாசி மருந்து ஆடியது. அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். தோட்டத்தில் பிறந்த கை, வீசத் தயங்கியது. பிறகு பழைய நாளிதழில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

“அண்ணன் கேட்டா டாக்டர் சொன்ன நாள்ல முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க,” என்றாள். “நிறுத்திட்டோம்னு சொல்லாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை சாஆவுக்குப் போகிறோம். அப்படியேதான் சொல்லப் போகிறேன்.